காற்றுச் சக்கரத்தின் வரலாறும் அதைக் காக்கும் வழியும்

உடலுக்கு உயிர்க்காற்று எப்படியோ, துவிச்சக்கர வண்டிக்கு ரயரில் அடைத்த காற்று அப்படி. அது உள்ளவரை வண்டி எம்மைச் சுமக்கும். அது போய்விட்டால் வண்டியை நாம் சுமக்க வேண்டியதுதான். இவ்வுண்மையைக் கதிரவெளி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எமது ஊர் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பாதையில் உள்ளது. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும், தெற்கே வாகரையும் பனிச்சங்கேணிக் களப்பும், வடக்கே வெருகல் ஆறு. இப்பாதையிலுள்ள நீர்த்துறைகளை முன்னாளில் மிதவைப் பாதையில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. பேருந்து வந்த நாட்களும் உண்டு. வராத நாட்களும் உண்டு. 2004 திசெம்பர் 26இல் கடல் பொங்கி வந்தது. 2006இன் இறுதியில் போர் எம்மை ஊரைவிட்டே பெயர்த்தது. இத்தனை காலத்திலும் மீனைச் சந்தைக்கும், பிள்ளையைப் பள்ளிக்கும், நோயாளியை வைத்தியரிடமும் கொண்டு சேர்த்த எளிய துணை துவிச்சக்கர வண்டியே. அத்தகைய வண்டி, ஒட்டுப் போடுவாரற்ற ஒரு வெளியில், நண்பகல் வெயிலில் காற்றுப்போய் நின்றால் அத்துன்பம் எத்தகையது என்பதை அனுபவித்தோரே அறிவர். பெட்டியிலுள்ள மீன் பழுதாகும். பரீட்சைக்குச் செல்லும் பிள்ளை பிந்தும். இரண்டு கட்டைத் தூரம் இருபது கட்டையாய் நீளும்.

இத்துன்பம் எங்கிருந்து வந்தது? அதனைத் தீர்க்க உலகம் என்ன செய்தது? அதனை வராமலே தடுப்பது யார் கையில் உள்ளது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்து மறைந்த முதற் சக்கரம்

காற்றுச் சக்கரத்தை முதலில் எண்ணியவர் டன்லொப் என்றே நம்மிற் பலர் கருதுகின்றோம். உண்மை அதுவன்று. ஸ்கொத்லாந்திலே 1822இற் பிறந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் பொறியியலாளர், தமது இருபத்துமூன்றாவது வயதில், 1845ஆம் ஆண்டு இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இறப்பர் பூசிய துணியாலான குழாயினுள் காற்றை அடைத்து, அதன்மேல் தோலுறை பூட்டிச் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தும் முறை அவருடையது. உள்ளே காற்றைத் தாங்க ஓர் உறை; வெளியே அதனைக் காக்க மற்றோர் உறை. இன்று எமது வண்டியிலே ரியூப்பும் ரயரும் செய்யும் வேலை இதுவே அன்றோ! 1847இல் இலண்டன் றீஜன்ற் பூங்காவிலே குதிரை வண்டிகளிற் பூட்டி இச்சக்கரங்களைச் சோதித்துக் காட்டினர். அவை ஓசையின்றி, இலகுவாக ஓடின.

எனினும் அக்கண்டுபிடிப்பு நிலைக்கவில்லை. நல்ல இறப்பர் அந்நாளிற் கிடைத்தற்கரிய பொருள். இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டது 1839இலேதான். அத்தொழில் அப்பொழுது இளமைப் பருவத்தில் இருந்தது. செலவோ பெரிது. அன்றியும், காற்றின் அருமையை உணர்த்தவல்ல துவிச்சக்கர வண்டி அந்நாளில் வழக்கில் இல்லை. தொம்சனின் சக்கரம் உலகத்தின் நினைவினின்றும் மறைந்தது.

பெல்பாஸ்ற் முற்றத்திலே

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் துவிச்சக்கர வண்டி பிறந்து, பல வடிவங்களை எடுத்து, 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்தில் ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார் செய்த ‘றோவர்’ வண்டியிலே ஏறக்குறைய இன்றைய உருவத்தை அடைந்தது. ஆயினும் அதன் சக்கரங்களிற் கட்டி இறப்பரே பூட்டப்பட்டிருந்தது. கல்லிலே ஏறினால் ஏறியவரின் எலும்பே அதிரும்.

அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலே மிருக வைத்தியராக இருந்தவர் ஜோன் போய்ட் டன்லொப். தம் மைந்தனின் முச்சக்கர வண்டி கரடுமுரடான கல்வீதியில் அதிர்வதைக் கண்டு அவர் ஒரு சோதனை செய்தார். மரத்தட்டு ஒன்றின் விளிம்பிலே காற்றடைத்த மெல்லிய இறப்பர்க் குழாயைச் சுற்றித் துணியால் இறுக்கினார். அதனையும் மைந்தனின் வண்டிச் சக்கரத்தையும் தமது முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். பழைய சக்கரம் இடைவழியிலே சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து சென்று எதிர்ப்புறத்தில் மோதித் திரும்பியது. 1888இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டிலே பெல்பாஸ்ற் நகரப் பந்தயங்களில் வில்லி ஹியூம் என்னும் வீரர் இச்சக்கரம் பூட்டிய வண்டியில் ஏறி வெற்றி பெற்றார். தடித்த சக்கரத்தைக் கண்டு நகைத்தவர்கள் வாயடைத்தனர். பின்னர்த் தொம்சனின் பழைய உரிமை வெளிப்படவே, டன்லொப்பின் உரிமை செல்லாதென அறிவிக்கப்பட்டது. எனினும் உலகம் டன்லொப்பின் பெயரையே நினைவில் வைத்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கட்டி இறப்பர்ச் சக்கரத்திற்குக் காற்றுப் போகும் பயம் இல்லை. அந்தப் பாதுகாப்பை மனிதர் அறிந்தே கைவிட்டனர். ஏனெனில் காற்றுச் சக்கரம் சிறு கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருள்கிறது. கட்டிச் சக்கரமோ ஒவ்வொரு கல்லிலும் வண்டி முழுவதையும் தூக்கிப் போடுகிறது. மிதிப்பவரின் பலம் அதிலே வீணாகிறது. சுகத்தை விரும்பி ஏற்றபோது அதனோடு ஒரு துன்பத்தையும் ஏற்றுக்கொண்டனர். அத்துன்பமே காற்றுப் போதல்.

ஆணி தூவிய பந்தயம்

டன்லொப்பின் முதற் சக்கரத்திலே ரயரைத் துணிகொண்டு சுற்றி, ரிம்மோடு பசையால் ஒட்டியிருந்தனர். ஒரு முள் ஏறினால் எல்லாவற்றையும் பிரித்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் ஒட்டி உலரவிடல் வேண்டும். 1889இல் பிரான்சு தேசத்துக் கிளெமொன்-பெறான் நகரிலே மிஷ்லன் சகோதரரின் இறப்பர்த் தொழிற்சாலைக்கு இத்தகைய வண்டியொன்று பழுதுபார்க்க வந்தது. வேலை பல மணிநேரம் எடுத்தது. பசை காய ஓர் இரவும் சென்றது. மறுநாள் எதுவாட் மிஷ்லன் அவ்வண்டியிலே ஏறி ஓடிப் பார்த்தார். சிறிது தூரத்திலேயே மீண்டும் காற்றுப் போயிற்று! ஆயினும் காற்றுச் சக்கரத்தின் சுகம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க ரயரை அச்சகோதரர் 1891இல் ஆக்கினர். அவ்வாண்டு செப்ரெம்பரில் நடந்த பாரிஸ் - பிரெஸ்ற் - பாரிஸ் நெடும்பந்தயத்திலே, ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர்த் தூரத்தை மிஷ்லன் ரயரில் ஓடிச் சாள் தெறொன் முதலிடம் பெற்றார்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் சுவையானது. பாரிசிலிருந்து கிளெமொன்-பெறானுக்கு மிஷ்லன் சகோதரர் ஒரு பந்தயம் நடத்தினர். வழியில் ஓரிடத்திலே தாமே ஆணிகளைத் தூவி வைத்தனர். ஏன்? தங்கள் ரயரிற் காற்றுப் போகாது என்று காட்டுவதற்கன்று. போனாலும் விரைவிற் சரிசெய்யலாம் என்று காட்டுவதற்கே!

இதே காலத்தில், 1890இல், இங்கிலாந்தில் சாள்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச் என்பார் ரயரின் இரு ஓரங்களிலும் கம்பி வைத்து, நடுவே குழிந்த ரிம்மிலே அதனைப் பூட்டும் முறையைக் கண்டார். நாம் இன்று ரயரைக் கழற்றும்போது கையிற் தட்டுப்படும் கம்பி அவர் வழிவந்ததே. மெல்லிய இறப்பர்க் குழலை மேலே இழுத்துப் பூட்டும் வூட்ஸ் வால்வும் அக்காலத்தது. நமது முதியோர் வால்கட்டை என்று சொல்வது இதைத்தான்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? தொழிற்சாலைகள் காற்றுப் போவதைத் தடுத்துவிடவில்லை. போனபின் தீர்ப்பதை எளிதாக்கின. தீர்க்கும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் தந்தனர். தடுக்கும் வழியை வண்டியோட்டுபவன் கையிலே விட்டனர்.

ரயருக்குக் கொடுத்த விலை

காற்றுச் சக்கரம் ஓடத் தொடங்கியதும் உலகம் இறப்பருக்காக ஏங்கியது. ஆபிரிக்காவிலே பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட்டின் ஆட்சிக்குட்பட்ட கொங்கோவில், காட்டு இறப்பர் சேர்க்கும்படி மக்கள் வதைக்கப்பட்டனர். றொஜர் கேஸ்மன்ற் எழுதிய அறிக்கை 1904இல் வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது.

எமது நாட்டின் பங்கும் இதிலுண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டுவந்தார். அவற்றுட் சில ஆயிரமே முளைத்தன. அக்கன்றுகளில் ஏறக்குறைய 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் எழுந்த இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்வெட்டியவர்களுட் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளரே. இங்கே வடிந்த பால் கடல்கடந்து சென்று, ரயராகி, விலையேறி மீண்டும் எமது கடைக்கு வந்தது.

இரண்டாம் உலகப் போரிலே இதன் அருமை விளங்கிற்று. 1941 திசெம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் பல்லாயிரவர் துவிச்சக்கர வண்டிகளிலேயே தெற்கு நோக்கி விரைந்தனர். வெயிலிலும் சுமையிலும் ரயர்கள் பழுதானபோது, அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலே ஓடினர். இரவில் அவ்விரும்பு எழுப்பிய ஓசை கவச வண்டிகளின் ஓசை போன்றிருந்ததாம். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 9இல் அதே நாட்டின் விமானங்கள் மட்டக்களப்புக் கடலிலே ‘ஹேமிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. மலாயா கைவிட்டுப் போகவே, நேச நாடுகளின் இறப்பர்த் தேவைக்கு இலங்கையே பெரிதும் நம்பப்பட்டது. மரங்கள் அளவுக்கு மிஞ்சி வெட்டப்பட்டன. போர் முடிந்து சில ஆண்டுகளில், 1952இல், இலங்கை அதே இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி வாங்கும் உடன்படிக்கை செய்தது. ஆகவே கிழிந்த ரயரை அற்பப் பொருளென்று எண்ணற்க. பல நாட்டார் சிந்திய வியர்வை அதில் உண்டு.

எம்மூர்ப் பாதையின் மூன்று பகைகள்

இனி எமது பாதைக்கு வருவோம். காற்றுப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று.

முதலாவது முள். வேலமுள், ஈச்சமுள், காரைமுள் எனப் பல இருப்பினும் நெருஞ்சிக்கு நிகர் எதுவுமில்லை. நிலத்தோடு படர்ந்து, ஐந்து இதழ் மஞ்சட் பூப்பூத்து, சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்ற செடி இது. இதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் வலிய முட்கள் உண்டு. அது எவ்வாறு விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். இச்செடி அமெரிக்காவிலும் பரவி, ரயரைத் துளைக்கும் கொடி என்றே அங்கு பெயர்பெற்றுவிட்டது. 1961இல் அந்நாட்டார் இத்தாலியிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து, இதன் விதையையும் தண்டையும் தின்னவிட்டனர். எமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. காய் முற்றுமுன் வேரோடு பிடுங்கி எரித்தாற் போதும்.

முள்ளைப் பற்றி மற்றொன்றும் அறிதல் வேண்டும். முள் பெரும்பாலும் ஏறிய கணத்திலேயே ரியூப்பைத் தொடுவதில்லை. ரயரின் தடித்த இறப்பரிலே முனை மட்டும் பதிந்து நிற்கும். சக்கரம் சுற்றுந்தோறும் நிலம் அதனை அடித்து அடித்து உள்ளே செலுத்தும். ஆகவே இடையிலே அதனைக் கண்டு பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கும். இதனை அறிந்த மேனாட்டார், சக்கரத்தின்மேல் மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு கம்பியொன்றைப் பொருத்தினர். ஒட்டிய முள் அடுத்த சுற்றிலேயே தட்டுப்பட்டு விழுந்துவிடும். கம்பி இல்லாதவனுக்குக் கை உண்டு.

இரண்டாவது பகை காற்றுக் குறைவு. காற்றுப் போவதற்கே காற்றுக் குறைவு காரணமாகும் என்றால் சிலர் நகைப்பர். ஆனால் உண்மை அதுவே. ரயர் மெலிந்திருக்கும்போது, பின்னாலே நெல் மூடையையோ மீன் பெட்டியையோ ஏற்றிக்கொண்டு ஒரு கல்லில் இடித்தால், ரியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல அருகருகே இரண்டு துளைகள் இருக்கும். அங்கே முள்ளைத் தேடிப் பயனில்லை. ஓட்டையே இல்லாத ரியூப்பிலும் காற்று நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கசியும். ஆதலால் கிழமைக்கு ஒருமுறையாவது காற்றடித்தல் வேண்டும். ரயரின் பக்கத்திலே அளவு அச்சிட்டிருப்பர். பாரத்திற் பெரும்பங்கைத் தாங்குவது பின்சக்கரம் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது உட்பகை. கடற்காற்றும் உவர்நீரும் பட்ட எமது வண்டிகளில் ரிம் விரைவிலே துருப்பிடிக்கும். அத்துருவின் செதில்களும், ரிம்முக்குள் நீண்டு நிற்கும் கம்பி முனைகளும் ரியூப்பை உள்ளிருந்தே அறுக்கும். வெளியே முள்ளைத் தேடி அலைகின்றோம். பகைவனோ வீட்டுக்குள் இருக்கின்றான். துருவைச் சுரண்டி, நீண்ட கம்பி முனையை அராவி, ரிம்மின் மேல் நாடா அல்லது பழைய ரியூப்பில் வெட்டிய துண்டைச் சுற்றினால் இப்பகை தொலையும். ஒட்டுப் போட்டபின் ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாராமற் பூட்டுவோர் பலர். பழைய முள் அங்கேயே இருந்து புதிய ஒட்டின் பக்கத்திலே மறுபடியும் குத்தும். பழியோ ஒட்டுப் போட்டவர்மேல் விழும்!

எமது இளமையில் எமதூரிலே மீன் விற்கும் முதியவர் ஒருவரை நாம் கண்டிருக்கின்றோம். விடியற் காலையில் பெட்டி ஏற்றுமுன் இரு சக்கரங்களையும் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். பின்பு சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டு பழந்துணியால் ரயரைத் தடவுவார். துணி எங்கேனும் பற்றினால் அங்கே முள் உண்டு. நகத்தால் எடுத்து எறிவார். வால்கட்டையிலே எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். இத்தனையும் ஒரு வெற்றிலை மெல்லும் நேரந்தான். வண்டியை வெயிலில் விடமாட்டார். மண்ணெண்ணெய் இறப்பரைக் கெடுக்கும் என்று விளக்குப் போத்தலைச் சக்கரத்தின் பக்கம் வைக்கமாட்டார். வழியிலே அவர் வண்டியை உருட்டிக்கொண்டு போனதை நாம் கண்டதேயில்லை. ‘அப்பு, உங்கள் ரயர் எந்த ஊர் ரயர்?’ என்று நாம் கேட்டதுண்டு. ‘ரயர் கடை ரயர்தான் மக்காள், பார்க்கிற கண்தான் என்ர கண்’ என்பார். தொம்சனையும் டன்லொப்பையும் அவர் அறியார். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற வேலையை அவர் நாள்தோறும் செய்து முடித்தார்.

புதியன வந்தபின்னும்

1937இல் கண்டுபிடிக்கப்பட்ட பியூட்டைல் என்னும் செயற்கை இறப்பர், இயற்கை இறப்பரைவிட நன்றாகக் காற்றைத் தாங்குகிறது. இன்றைய ரியூப்புகளிற் பெரும்பாலானவை அதனாலானவை. 1965இல் அமெரிக்காவிலே ஸ்ரெபனி குவொலெக் என்னும் பெண் விஞ்ஞானி கண்ட கெவ்லார் இழையை இப்பொழுது ரயரின் உள்ளே காவலாக வைக்கின்றனர். துளையைத் தானே அடைக்கும் திரவமும் உண்டு. காற்றே வேண்டாத, நுரைபோன்ற பொருளாலான ரயரும் வந்திருக்கிறது. ஆனால் அது உருளும்போது கூடுதலான பலத்தைத் தின்பதாலும் அதிர்வைத் தாங்கமாட்டாமையாலும் காற்று ரயரை வெல்லவில்லை. டன்லொப் தமது முற்றத்திலே கண்ட உண்மை இன்றும் உண்மையே. இப்புதியன யாவும் நல்லனவே. எனினும் மெலிந்த ரயரைக் கெவ்லாரும் காவாது. துருப்பிடித்த ரிம்முக்கு முன் திரவமும் நெடுநாள் நில்லாது.

அன்பார்ந்த இளைஞர்களே! பெரிய காரியங்களைப் பற்றியே பேசும் மலரிலே சிறிய காரியம் ஒன்றைப் பற்றிப் பேசிவிட்டோம். ஆனால் சிறியதைக் காவாதவன் பெரியதைக் காப்பதெங்ஙனம்? சங்கங்களும் வாசிகசாலைகளும் தத்தம் வாயிலிலே ஒரு காற்றடிக்கும் பம்பையும், ஒட்டும் பசையும் அரமும் கொண்ட ஒரு சிறு பெட்டியையும் எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் என்ன? மாதம் ஒருநாள் பள்ளிப் பாதையின் நெருஞ்சியைக் கூடிப் பிடுங்கினால் என்ன? செலவு சிறிது, பயனோ பரீட்சைக்கு நேரத்திற் சேரும் பிள்ளையும், பழுதாகாமற் சந்தை சேரும் மீனும், பொழுதோடு வைத்தியரை அடையும் நோயாளியுமாகும்.

பாதைகள் இன்று திருந்திவிட்டன. நீர்த்துறைகளிற் பாலங்கள் எழுந்துவிட்டன. மோட்டார்ச் சைக்கிள்களும் பெருகிவிட்டன. அவற்றின் சக்கரத்திலும் இருப்பது அதே காற்றுத்தான். நாளைக் காலையில் வண்டியை எடுக்குமுன் ஒருகணம் நின்று, பெருவிரலால் ரயரை அமுக்கிப் பார்ப்போமாக.